இறங்கத் தெரியாத கேப்டன்

எங்கள் வீட்டு அடிபம்பு மேடையில் அந்தக் கேப்டன் முதல் நாள் காலையில் காறித் துப்பிய சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தொண்டையின் அடியிலிருந்து எதையோ இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்து துப்பினார். என் அம்மா குடத்தோடு அங்கேதான் நின்றிருந்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே பம்புக்குக் கீழே கையை நீட்டினார். "ஏம்மா, கொஞ்சம் அடி" என்றார். அம்மா பம்பை அடித்தாள். அவர் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனபிறகு குடத்துத் தண்ணீர் முழுவதையும் மேடையில் கவிழ்த்து, துடைப்பத்தால் தேய்த்தாள்.

அவர் செஞ்சிக்கு வந்த காரணம் ஒரு கம்ப்யூட்டர்.

எண்பதுகளின் பிற்பாதி அது. விமானப் படையில் சில காலம் இருந்துவிட்டு, ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் நிறுவனத்துக்குப் புதிய ரக விமானங்கள் வந்தன. பழையவற்றில் விமானிகள் இருவருக்கும் பின்னால் மூன்றாவதாக ஓர் என்ஜினியர் உட்கார்ந்திருப்பார். புதியதில் அந்த நாற்காலியே கிடையாது. அவர் பார்த்த வேலையில் பாதியையும் நாங்கள் மனத்தில் போட்டுவந்த கணக்குகளையும் ஒரு கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. எஃப்.எம்.சி. என்று சொல்வோம். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரு சின்னத் திரை, அதன் கீழே எழுத்துகளும் எண்களும் பொறித்த பொத்தான்கள். எங்கிருந்து எங்கே, எந்தப் பாதையில், எவ்வளவு எடையோடு போகிறோம் என்று அதற்குச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

வெளியில் இருப்பவர்கள் விமானத்தை மேலே ஏற்றுவதுதான் பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். யோசனை வேண்டியிருப்பது இறக்குவதற்குத்தான். பழைய விமானிகள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் மூன்று கடல் மைல். முப்பத்துமூவாயிரம் அடியில் பறந்தால் தொண்ணூற்றொன்பது மைல்; வேகத்தைக் குறைக்க இன்னும் ஒரு பத்து. அத்தனை தூரம் முன்னாலேயே என்ஜினைத் தணித்துச் சறுக்கத் தொடங்க வேண்டும். முன்னதாக இறங்கினால் எண்ணெய் வீண். தாமதித்தால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. புதிய கம்ப்யூட்டர் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்தது. ஓடுபாதையின் முனையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு, வானத்தில் நாம் இருக்கும் உயரம் வரை வரும். இந்த இடத்தைப் பத்தாயிரம் அடியில் கடக்க வேண்டும், இங்கே வேகம் இவ்வளவுதான், காற்று இந்தத் திசையில் அடிக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, 'இதோ இந்தப் புள்ளியில் இறங்கு' என்று திரையில் காட்டும்.

ஆனால் ஒரு சங்கதி உண்டு. அது காட்டுமே தவிர, தானாக இறங்காது. முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கட்டத்தில் நாம் அடுத்துப் போக வேண்டிய உயரத்தை ஒரு திருகைத் திருப்பி வைக்க வேண்டும். அந்த உயரத்தை, தரையிலிருந்து ரேடியோவில் வழிசொல்லும் கன்ட்ரோலர் அனுமதித்திருக்க வேண்டும். மனிதன் கையால் அதை வைக்காதவரை, கம்ப்யூட்டர் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டிருந்தாலும், விமானம் அதே உயரத்தில் போய்க்கொண்டேயிருக்கும்.

கேப்டனுக்கு இதுதான் மண்டையில் ஏறவில்லை.

அவர் எங்கள் நிறுவனத்தில் பெரிய ஆள். ஆறடி உயரம், மடிப்புக் கலையாத சட்டை, பக்கத்தில் வந்தால் சென்ட் வாசனை. அவர் பெயரைச் சொன்னாலே துணை விமானிகள் எழுந்து நிற்பார்கள். பழைய விமானத்தை அவர் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கை நல்ல கைதான், அதில் பொய்யில்லை. புதிய விமானப் பயிற்சியில் என்னை அவரோடு ஜோடி சேர்த்தார்கள். சிமுலேட்டர் என்கிற பொம்மை விமானத்தில் பரீட்சை. எல்லாப் பொத்தானையும் அழுத்திவிட்டு, கட்டத்தில் உயரத்தை வைக்காமல், கைகட்டி உட்கார்ந்துகொண்டார். இறங்க வேண்டிய புள்ளி வந்தது, கடந்தது, பின்னால் போனது. நான் இரண்டு தடவை சொன்னேன். "பேசாம இரு, டெஸ்ட் எனக்கு" என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் கடைசியில், விமானம் உங்கள் அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது கேப்டன், என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கேப்டன் பதறிப்போய் மூக்கைக் கீழே குத்தினார். பொம்மை விமானம் ஓடுபாதைக்கு மேலே கோபுர உயரத்தில் பறந்து போயிற்று.

இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். அது வரைக்கும் இரண்டு வாரம். கேன்டீனில் என் தோளில் கையைப் போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, எனக்கு இந்த டைப்ரைட்டர் வேலையெல்லாம் ஒத்து வராது. நீ கொஞ்சம் சொல்லிக் குடு. நம்ம ஸ்டாஃப் காலனில வேணாம், நாலு பேர் பாப்பான். உனக்கு எந்த ஊரு?"

"செஞ்சி சார்."

"அப்பாடா, அங்க ஒரு ஈ காக்காய்க்குக்கூட என்னைத் தெரிஞ்சிருக்காது. அங்கயே வந்துர்றேன்."

பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. அவ்வளவு பெரிய கேப்டன் என் வீட்டுக்கு வருகிறார் என்று அப்பாவிடம் சொன்னேன்; நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நைனா திண்டிவனம் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்து மணிலாக் கடலை போட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு வெள்ளையடித்தார். புதுத் தலையணை வாங்கிவந்தார்.

வேட்டி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, கம்ப்யூட்டரின் முகப்பை அதே அளவில் வரைந்து வைத்திருந்தேன். திரை இருக்குமிடத்தில் சதுரமாக வெட்டி, பின்னாலிருந்து காகிதத்தை நகர்த்தினால் பக்கம் மாறும். கேப்டன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, நான் கொடுத்த பேனாவால் அந்த அட்டைப் பொத்தான்களைக் குத்துவார். நடுவில் அதே பேனாவைக் காதுக்குள் விட்டுக் குடைவார். வெளியே எடுத்து முனையைப் பார்ப்பார். தலையணை உறையில் துடைப்பார். மறுபடி பொத்தானைக் குத்துவார். நான் பாடத்தைப் பார்ப்பதா பேனாவைப் பார்ப்பதா என்று தவித்தேன்.

சாப்பாட்டுப் பலகையில் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டினார். வெட்டிய துண்டுகள் தெறித்துத் தரையெல்லாம் கிடந்தன. அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். எலும்பை உறிஞ்சி உறிஞ்சி இலைக்கு வெளியே போட்டுவிட்டு, "பரவால்லியே, இந்தப் பட்டிக்காட்டுலயும் சமைக்கத் தெரியுதே" என்றார். அவள் நின்ற பக்கம் திரும்பவேயில்லை; தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காற்றில் நீட்டுவார். நைனாவை முதல் நாள் "பெரியவரே" என்றார். இரண்டாம் நாள் "ஏம்பா" ஆகிவிட்டது. சிகரெட் வாங்கிவர அனுப்பினார். நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். வெற்றிலை கூடப் போடாத மனிதர். கடைக்காரப் பாய், "இன்னா, இந்த வயசுல புதுப் பழக்கம்?" என்று கேட்டாராம். நைனா அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றார். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆழமான பிளவு ஒன்று உண்டு. மேலே சின்னப் பாலம். மூச்சு வாங்க ஏறி வந்தவர் அந்தப் பாலத்தின் ஓரத்தில் நின்று ஜிப்பைத் திறந்தார். கீழே படியில் ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, ஏறி வந்துகொண்டிருந்தது.

"சார், ஆளுங்க வர்றாங்க."

"வரட்டும்யா. ராஜா கோட்டையிலேந்து பேஞ்சவன்னு நான் சொல்லிக்க வேணாமா?" என்று சிரித்தார்.

நான் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்தச் சத்தம் பாறையில் பட்டு எதிரொலித்தது. பனமலை ஏரி தூரத்தில் ஒரு தகடு மாதிரிப் பளபளப்பதை எப்போதும் அங்கிருந்து தேடிப் பார்ப்பேன். அன்றைக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் பாடமாவது ஏறியதா என்றால் அதுவும் இல்லை. அவர் புரிந்துகொள்ள விரும்பவில்லை. எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார்.

"சார், காத்து மாறினா, கன்ட்ரோலர் பாதைய மாத்தினா, இந்த வரிசை உதவாது. நடுவுல ஒரு இடத்த எடுத்துட்டா பாதை அறுந்துபோகும். அறுந்த எடத்த நாமதான் ஒட்டணும். இல்லன்னா அது கணக்கே போடாது."

"நீ பாடத்தச் சொல்லு. உபதேசம் வேணாம்."

பரீட்சையில் தேறிவிட்டார். அவர் ஒப்பித்து வைத்திருந்த அதே ஊர், அதே ஓடுபாதை, அதே காற்று. பரீட்சை வைத்தவர் முந்தின நாள் இவர் வீட்டு விருந்தில் இருந்தார் என்று பேசிக்கொண்டார்கள். அது எனக்கு நேராகத் தெரியாது. தேறி வந்தவர் வராந்தாவில் எனக்கு எதிரில் வந்தார். கூட இரண்டு பேர் இருந்தார்கள். "இந்தப் பையனுக்கு நான்தான் எஃப்.எம்.சி. கத்துக் குடுத்தேன். இவங்க ஊருக்கே போயி. கிராமத்துப் பையன், பாவம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினார்.

சில மாதம் கழித்து அவரோடு ஒரே விமானத்தில் போக நேர்ந்தது. வளைகுடாவிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் பாதிப் பேரை இறக்கிவிட்டு மெட்ராஸுக்கு வருகிற விமானம். பிற்பகல் வெயில். இடப்பக்க இருக்கையில் அவர், வலப்பக்கம் நான். ஓட்டுவது அவர் முறை, ரேடியோவில் பேசுவது என் முறை. திருச்சி தாண்டியதும் எதிரே மேகம் கோட்டை கட்டியிருந்தது. அதைத் தவிர்க்க மேற்கே விலகிப் போனோம். மெட்ராஸில் கிழக்கிலிருந்து கடற்காற்று; அதை எதிர்த்து, மேற்கிலிருந்து உள்ளே வந்து இறங்க வேண்டும். கன்ட்ரோலர் எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, சுற்றி வர வேண்டாம், நேரே ஓடுபாதைக்கு முன்னால் இருக்கிற புள்ளிக்கு வாருங்கள் என்றார். இறங்கவும் அனுமதி தந்தார். நான் அதைத் திருப்பிச் சொன்னேன்.

பாதை குறுகிவிட்டது. அப்படியென்றால் இறங்க வேண்டிய புள்ளி ஏற்கெனவே எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. உடனே இறங்கியாக வேண்டும்.

கேப்டன் கம்ப்யூட்டரின் மேல் குனிந்துகொண்டு பொத்தான்களைக் குத்தினார். எடுக்க வேண்டியதோடு எடுக்கக் கூடாததையும் எடுத்துவிட்டார். பாதை நடுவில் அறுந்து திரையில் கோடு கோடாக நின்றது.

"சார், இறங்க அனுமதி வந்துடுச்சு. உயரத்த வைங்க."

"இரு. அது சொல்லட்டும்."

"அது சொல்லாது சார். பாதை அறுந்திருக்குது. மொதல்ல கீழ எறங்குங்க, அப்புறம் ஒட்டிக்கலாம்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

நான் வலப்பக்க ஜன்னலில் பார்த்தேன். நேர் கீழே செஞ்சி. மூன்று மலைகளும் முக்கோணமாகப் பாறைக் குவியல்களாகத் தெரிந்தன; நடுவில் ரோடு, பக்கத்தில் பச்சைத் துண்டுகள். அந்த மலைகளை எத்தனையோ முறை மேலிருந்து பார்த்திருக்கிறேன், இவ்வளவு சின்னதாக மெட்ராஸுக்கு இறங்கும்போது ஒருநாளும் பார்த்ததில்லை. மெட்ராஸ் அங்கிருந்து எழுபது மைல் சொச்சம். இருபதாயிரம் அடியில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் முப்பத்துமூவாயிரத்தில், ஆடாமல் அசையாமல், நேராகப் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பச்சைத் துண்டுகளில் ஒன்றில் என் நைனா நின்றுகொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது.

உயரத் திருகுக்குக் கையை நீட்டினேன். கேப்டன் என் கையைத் தட்டிவிட்டார். ஓங்கி, புறங்கையில், ஒரு குழந்தையின் கையைத் தட்டுவதுபோல்.

"இது என் ஏரோப்ளேன்."

அப்புறம்தான் அவர் தலையைத் தூக்கித் தூரம் காட்டும் எண்ணைப் பார்த்தார். முகம் மாறியது. தானியங்கியைத் துண்டித்தார், மூக்கைக் கீழே தள்ளினார், இறக்கை மேல் எழுந்து காற்றைத் தடுக்கிற பலகைகளை முழுசாகத் தூக்கினார். விமானம் கல்லுரோட்டில் போகிற மாட்டுவண்டி மாதிரி அதிர்ந்தது. பெல்ட் போடச் சொல்லும் விளக்கை அவர் போடவில்லை. நான் போட்டேன், ஆனால் பின்னால் தடதடவென்று ஏதோ சரிகிற சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது.

"சார், நாம ரொம்ப உசரத்துல இருக்கோம். ஒரு சுத்து சுத்தி வரலாம்" என்றேன். அவர் மூக்கை இன்னும் கீழே தள்ளினார். ரேடியோவில் கன்ட்ரோலரிடம், உயரம் அதிகம், ஒரு வட்டம் அடிக்க அனுமதி வேண்டும் என்றேன். என் பேச்சு முடிவதற்குள் கேப்டன் தன் பொத்தானை அழுத்தி, "வேண்டாம், வேண்டாம், நேராகவே வருகிறோம்" என்று குறுக்கே கத்தினார்.

நேராகத்தான் போனோம். ஓடுபாதை கண்ணுக்கு நேரே வந்தபோது நாங்கள் இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தோம். வேகமும் தணியவில்லை. "இறங்க முடியாது சார், மேல ஏத்துங்க" என்று நான் கத்திய பிறகுதான் ஏற்றினார். பரங்கிமலையும் ஊரும் அடியில் ஓடி மறைந்து, கடல் வந்தது. கடல்மேல் திரும்பும்போது அவர் பிடியை விட்டார். என்னைப் பார்க்காமல், "நீ பாத்துக்கோ" என்றார். மூன்று மைலுக்கு ஆயிரம் அடி என்கிற பழைய கணக்கில், கையாலேயே கொண்டுவந்து இறக்கினேன். கம்ப்யூட்டர் அறுந்த பாதையைக் காட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது.

விமானம் நின்றதும் அவர் செய்த முதல் வேலை, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரியது. தொப்பியை மாட்டிக்கொண்டு கதவோரம் போய் நின்று, இறங்கிப் போகிறவர்களுக்கெல்லாம் கை குவித்தார். "காத்து கொஞ்சம் வெளையாடிடுச்சு" என்று சிரித்தார். "நல்லபடியா எறக்கிட்டீங்க சார், நீங்க நல்லாருக்கணும்" என்று ஒரு வயதான அம்மாள் அவரைக் கும்பிட்டாள். அவர் அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு மூன்று அடி பின்னால், சமையல் மேடை ஓரத்தில், ஒரு விமானப் பணிப்பெண் கையில் ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். தள்ளுவண்டி சரிந்து, கொதிக்கிற டீ முழங்கை வரைக்கும் கொட்டிவிட்டது. தோல் சுருண்டு எழுந்திருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. கேப்டன் அவளைத் தாண்டித்தான் இறங்கிப் போனார். குனிந்து கூடப் பார்க்கவில்லை. நான்தான் டாக்டரை வரச் சொன்னேன்.

விசாரணை வரும் என்று எங்கள் இருவரையும் பறக்க வேண்டாமென்று நிறுத்திவைத்தார்கள். நான் செஞ்சிக்கு வந்துவிட்டேன். நடந்ததை நைனாவிடம் சொன்னபோது அவருக்கு எதுவும் பெரிதாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. "அந்தப் பொண்ணு கையி இன்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டொரு நாளில் வாசலில் டாக்சி வந்து நின்றது. கேப்டன் ஒரு கூடை ஆப்பிளோடு இறங்கினார். "அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். முன்னால் வந்தபோது ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்காதவர். அந்தக் கும்பிடு அன்றைக்குத் துப்பியதைவிட எனக்கு அசிங்கமாக இருந்தது.

சாப்பிடச் சொன்னது அம்மா. வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்ப அவளுக்குத் தெரியாது. கேப்டன் மறுசோறு வாங்கிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, விசாரணைன்னு ஒண்ணு வெச்சிருக்கானுங்க. ஒண்ணுமில்லாத விஷயம். கம்ப்யூட்டர்ல பாதைய மாத்தினது நீதான்னு சொல்லிடு. தப்பா அடிச்சிட்டேன், புதுசுன்னு சொல்லு. சின்னப் பையன், ஒரு வார்னிங்கோட விட்டுடுவான். எனக்கு அப்படி இல்ல பாரு. ரிட்டயர்டு ஆகற நேரம்."

"பொத்தான அமுக்கினது நீங்க சார்."

"யாரு பாத்தா? நாம ரெண்டு பேருதான் இருந்தோம்."

"நான் பாத்தேன் சார்."

அவர் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினார். முழங்கை வரைக்கும் வழிந்ததை நக்கினார்.

"உனக்குக் கேப்டன் ஆகணுமா வேணாமா? புரமோஷன் போர்டுல யாரு உக்காருவான்னு நெனைக்கற? நான் சொன்னா நாளைக்கே ஆவ. சொல்லலன்னா வலது பக்க சீட்லயே கெழவனாயிடுவ."

நைனா கூடத்தில்தான் இருந்தார். சுவரோரம் குந்தி, விதைக்காக மணிலா உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போய் கேப்டனின் ஷூ இரண்டையும் கையில் எடுத்தார். கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து, முனை வாசலைப் பார்க்கிற மாதிரி அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னாப்பா இது?" என்றார் கேப்டன்.

"காரு வெயில்ல நிக்குது சார். டிரைவரு காத்துனு இருக்கறாரு."

"நான் இன்னும் சாப்ட்டு முடிக்கல."

"போதும் சார்" என்றார் நைனா. குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு கையப் பத்தி ஒரு வார்த்த கேப்பீங்கன்னு பாத்துனே இருந்தேன். நீங்க கேக்கல. எழுந்திருங்க."

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் ஆப்பிள் கூடையைக் கையில் எடுத்தேன். அம்மா ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் எச்சில் கையோடு எழுந்து, அதே கையால் ஷூவை மாட்டிக்கொண்டு போனார். கூடையை டாக்சி டிக்கியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். வேண்டாமென்று அவரும் சொல்லவில்லை.

விசாரணையில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் முதலில் பேசினார். பையன் புதியவன், பதற்றத்தில் பாதையை அழித்துவிட்டான் என்றார்; தாம்தான் விமானத்தைக் காப்பாற்றியதாகவும் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். கையைத் தட்டிவிட்டதைச் சொன்னபோது ஒருவர் புன்னகைத்தார். "கொஞ்சம் மிகைப்படுத்துறீங்களோ?" என்று கேட்டார். பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த ஒலிநாடாவைப் போட்டார்கள். வட்டம் அடிக்க அனுமதி கேட்டு என் குரல். அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டு 'வேண்டாம் வேண்டாம்' என்று அவர் குரல். நடுவில் இருந்தவர் நாடாவை நிறுத்தினார். டீ வரட்டும் என்றார்.

இனிமேல் என்ன, உண்மை தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கேப்டனுக்குச் சில வாரம் மறுபயிற்சி. எனக்கு, சொல்ல வேண்டியதை உறுதியாகச் சொல்லவில்லை என்று ஓர் எச்சரிக்கை. நான் கேப்டனாவது தள்ளிப்போயிற்று. அந்தப் பணிப்பெண்ணிடம், தழும்பு பயணிகள் கண்ணில் படாதபடி முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவள் என்னிடம் இதைச் சொன்னபோது, "வெயில் காலத்துலயும் சார்" என்றாள். அடுத்த வருஷம் அவள் வேலையை விட்டுவிட்டாள்.

கேப்டனை எங்கே போட்டார்கள் என்றால், பயிற்சிப் பிரிவுக்குத் தலைவராக. புதிதாக வருகிற துணை விமானிகளுக்கு, எஃப்.எம்.சி. கொண்டு இறக்கத்தைத் திட்டமிடுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். ஒரு தடவை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கதவு திறந்திருந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று, "கம்ப்யூட்டர் ஒரு வேலைக்காரன். அவன நம்பிட்டு உக்காரக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். சொன்னதில் தவறு ஒன்றுமில்லை, நல்ல பாடம்தான். அந்த வாயிலிருந்து அது வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை ஊருக்கு வந்திருந்தபோது நைனாவும் நானும் நிலத்தில் இருந்தோம். கரண்ட் வந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டே கேட்டார்.

"அந்தாளு இன்னும் ஏரோப்ளேன் ஓட்டுறானா?"

"ஓட்டுறாரு நைனா. இப்ப மத்தவங்களுக்கு சொல்லித் தர்றாரு."

நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"ஏறி உக்கார்ற ஜனங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "த்தூ" என்றார். அடுத்த பாத்திக்கு நடந்தார்.